கோடு போடாமல் விட்ட வரி

வேலைக்குள் போகுமுன் அவள் செய்கிற முதல் காரியம் பொட்டை அழிப்பது. லாக்கர் கதவின் உள்பக்கம் ஒட்டியிருந்த சின்னக் கண்ணாடியைப் பார்த்து, ஈரத்துணியால் நெற்றித் திருநீற்றையும் குங்குமத்தையும் துடைப்பாள். வகிட்டில் இருப்பதையும் விடமாட்டாள். தலையில் பூ இருந்தால் எடுத்து ஒரு டப்பாவில் வைப்பாள். டப்பாவுக்குப் பக்கத்தில் ஒரு குங்குமச் சிமிழ். வேலை முடிந்து வந்ததும் அதே கண்ணாடி முன்னால் நின்று, அதே பொட்டை அதே இடத்தில் வைத்துக்கொண்டுதான் பஸ்ஸுக்குப் போவாள்.

"கட்டுன பொண்ணு, தெனம் இப்படி அழிச்சு அழிச்சு வைக்கிறியே, நல்லாவா இருக்கு?" என்று முதல் வாரமே கேட்டுவிட்டேன். என் வாய் அப்படி.

"தூள் ஒன்னு விழுந்தாக்கூட தொட்டி கெட்டுப்போயிரும்க்கா. சாமி லாக்கர்ல உக்காந்திருக்கட்டும். எனக்கு எத்தன மணிக்கு வேல முடியும்னு அதுக்குத் தெரியும்," என்றாள்.

அவள் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால், "எம்பேரு எதுக்கு, நடந்தத எழுதுங்க" என்பாள். நடந்ததையே எழுதுகிறேன்.

புக்கிட் ரம்பாயில் எங்கள் தொழிற்சாலை. நான் பரிசோதனை அறையில் சீனியர் டெக்னீஷியன். டிப்ளோமா, பத்தொன்பது வருஷ சர்வீஸ், பெர்மனன்ட். அவள் என்னைவிட மூன்று வயது சின்னவள், பாயா ரும்புட்டிலிருந்து வருகிற கான்ட்ராக்ட் தொழிலாளி. ஆனால் நாங்கள் செய்த சாமானின் உயிர் அவள் கையில்தான் இருந்தது. இதை அப்போது யாராவது சொல்லியிருந்தால் சண்டைக்குப் போயிருப்பேன்.

வீட்டுக்கு இணையம் கொண்டுவருகிற கண்ணாடி இழைக்குள் ஓடுவது வெளிச்சம். ஒரே இழையில் வருகிற வெளிச்சத்தை எட்டு வீட்டுக்குப் பிரித்துக் கொடுக்க நடுவில் ஒரு கண்ணாடித் துண்டு வேண்டும். சுண்டுவிரல் நீளம்கூட இருக்காது. அதற்குள் வெளிச்சம் போவதற்குப் பாதை இருக்கும். அந்தப் பாதையைச் செதுக்குவதும் இல்லை, துளைபோடுவதும் இல்லை. கண்ணாடித் தகட்டின் மேல் மெல்லிய உலோகம் பூசி, பாதை வேண்டிய இடத்தில் மட்டும் மயிரிழையைவிட மெல்லிய கோடுகளாகத் திறந்துவிடுவார்கள். பிறகு தகடுகளைக் கூடையில் அடுக்கி, உருகிய உப்பில் இறக்க வேண்டும். சாப்பாட்டு உப்பு இல்லை, வெள்ளி கலந்த உப்பு. அந்தத் தொட்டிதான் அவளுடையது.

தொட்டிக்குள் என்ன நடக்கிறது என்று எங்கள் எஞ்சினியர் படம் போட்டு அரை மணி நேரம் சொல்வார், யாருக்கும் ஒன்றும் புரியாது. கேட்டில் இருந்த மலாய்க்காரக் காவலாளிப் பெரியவருக்கு அவள் ஒரே நிமிஷத்தில் சொன்னாள். "பஸ் மாதிரிதான் பாக்சிக். கண்ணாடிக்குள்ள சோடியம் உக்காந்திருக்கு. உப்புல வெள்ளி நிக்குது. சூடு ஏறுனா சோடியம் எறங்கி வரும், அந்த சீட்டுல வெள்ளி போய் உக்காந்துக்கும். வெள்ளி உக்காந்த வழியாத்தான் வெளிச்சம் போகும், வெளிய எறங்காது."

அவர் தலையாட்டிக்கொண்டு, "அப்ப டிக்கெட் யாரு கிழிக்கிறது?" என்று கேட்டார்.

"நான்தான்," என்றாள் அவள்.

இதில் ஒரு விஷயம் இருக்கிறது. தொட்டிக்குள் போவதும் வெறும் கண்ணாடி, வெளியே வருவதும் வெறும் கண்ணாடி. வெளிச்சத்துக்கு ஒரு பாதை விழுந்திருக்கிறதா, எவ்வளவு ஆழம், எவ்வளவு அகலம், கண்ணுக்கு ஒன்றுமே தெரியாது. பத்து நிமிஷம் முன்னாலேயே தூக்கிவிட்டுச் சாப்பிடப் போனாலும் யாருக்கும் தெரியாது. அவள் நாள் பூராவும் செய்த வேலை அது. யாரும் பார்க்க முடியாத வேலை. அதை அவள் புத்தகத்தில் எழுதியதை வைத்துத்தான் நாங்கள் நம்பினோம்.

எழுதுவதென்றால் சும்மா எழுதமாட்டாள். நேரம், சூடு, கூடை எண், தகடு எண், யார் தொட்டார்கள், எல்லாம். தப்பாக எழுதிவிட்டால் அழிக்கமாட்டாள், ஒரே கோடு கிழித்துப் பக்கத்தில் கையெழுத்துப் போடுவாள். ஒரு நாள் வேலை முடிந்து பக்கத்தில் இடம் மிச்சமிருந்தால், சட்டைப் பையிலிருந்து சின்ன இரும்பு ஸ்கேலை எடுத்து, மிச்ச வரிகள் எல்லாவற்றுக்கும் குறுக்கே ஒரு கோடு போட்டுவிடுவாள். பிற்பாடு யாரும் வந்து நடுவில் எதையும் செருகிவிடக் கூடாதாம். புத்தகத்தைப் புரட்டினால் பக்கத்துக்குப் பக்கம் அந்தக் குறுக்குக்கோடு இருக்கும். நானே எத்தனையோ தடவை கேலி பண்ணியிருக்கிறேன், "என்ன, ரிஜிஸ்டர் ஆபீஸா நடத்துற?" என்று.

ஒரு தடவை தகடுகள் தொட்டியில் இருக்கும்போது தீ விபத்துப் பயிற்சி மணி அடித்துவிட்டது. எல்லோரும் திடலுக்கு ஓடினோம். திரும்பி வந்து கூடையைத் தூக்க ஆறு நிமிஷம் அதிகமாகிவிட்டது. சூப்பர்வைசர், "ஆறு நிமிஷத்துல ஒன்னும் ஆவாது, சரியான நேரம்னு எழுதிட்டுப் போ லா," என்றார். இவள் எழுதவில்லை. 'ஆறு நிமிடம் அதிகம்' என்று எழுதிவிட்டாள். அப்படி எழுதினால் நான் அந்த லாட்டில் உள்ள ஒவ்வொரு துண்டையும் தனித்தனியாகச் சோதிக்க வேண்டும். ரெண்டு மணி நேரம் உட்கார்ந்தேன். அத்தனையும் பாஸ். ஒன்றில்கூடக் குறை இல்லை.

எனக்கு வந்ததே கோபம்! கேன்டீனில் எல்லார் முன்னாலும் பிடித்துக்கொண்டேன். "உன்னோட நியாயத்துக்கு என் முதுகா கெடைச்சுது? என்னாச்சு இப்ப? எல்லாம் பாஸ்!"

அவள் எனக்கொரு தே தாரிக், நுரை பொங்க ஆற்றிய பால் தேத்தண்ணி, வாங்கி வந்து முன்னால் வைத்தாள். "கோவமாவே இருங்கக்கா, பரவால்ல. ரெண்டு மணி நேரம் உங்கள வேல வாங்கிட்டேன். ஆனா அந்த ஆறு நிமிஷம் நடந்துச்சுல்ல?"

தே தாரிக்கைக் குடித்தேன்.

அவள் கையைப் பற்றிச் சொல்ல வேண்டும். என்னதான் கையுறை போட்டாலும் வெள்ளி உப்பு எப்படியோ நகக்கண்ணில் ஏறி, கறுப்பாகக் கறை பிடித்துக்கொள்ளும். கழுவினால் போகாது, தோல் உரிந்தால்தான் போகும். ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளை வீட்டு அம்மா ஒருத்தர் அவள் விரலைப் பிடித்துப் பார்த்து, "மருதாணி சரியாப் பிடிக்கலியே புள்ள," என்றார். இவள் கொஞ்சமும் கூசாமல், "மருதாணி இல்லம்மா, வெள்ளி," என்றாள். அந்த அம்மா இவளை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு நகர்ந்துபோனார். நான் சிரித்த சிரிப்பில் இலையில் இருந்த பாயசம் மேலே சிந்திவிட்டது.

இத்தனை வருஷம் தகடுகளை இறக்கி ஏற்றியவள், அந்தப் பாதையில் வெளிச்சம் போவதைப் பார்த்ததே இல்லை. அவள் அறை வேறு, என் அறை வேறு. ஒருநாள் மனசு கேட்காமல் கூப்பிட்டேன். அசல் சோதனைக்கு விடுகிற வெளிச்சம் கண்ணுக்குத் தெரியாது. இழை நேராகப் பொருந்தியிருக்கிறதா என்று பார்ப்பதற்குச் சிவப்பு வெளிச்சம் ஒன்று வைத்திருப்போம். அதை அவள் செய்த துண்டு ஒன்றின் ஒரு பக்கம் விட்டேன். மறுபக்கம் வைத்த வெள்ளை அட்டையில் எட்டுச் சிவப்புப் புள்ளிகள் வரிசையாக விழுந்தன. இவள் கையெடுத்துக் கும்பிடுவாள், கண் கலங்குவாள் என்றெல்லாம் நினைத்து நான் பக்கத்தில் நின்றேன்.

குனிந்து விரலால் எண்ணினாள். "ஆறாவது மங்கலா இருக்கேக்கா."

"அட்ட சாஞ்சிருக்கும்."

அட்டையை நேராக்கினேன். ஆறாவது மங்கல்தான். தகடு எண்ணைக் கேட்டுக் கையில் எழுதிக்கொண்டாள். கதவுவரைக்கும் போனவள் திரும்பி நின்று இன்னொரு தடவை பார்த்தாள். "அழகாத்தான் இருக்கு," என்றாள். "ஆறாவதும் வந்துட்டா இன்னும் அழகு."

அன்றைக்குத்தான் எனக்கு அவள் மேல் பாசம் வந்தது என்று நினைக்கிறேன். மறைப்பானேன், கொஞ்சம் பொறாமையும் வந்தது.

அவள் அங்கே வேலை பார்த்த ஆறு வருஷமும் கான்ட்ராக்ட்தான். ஒவ்வொரு டிசம்பரும் அவள் லாக்கரைக் காலி பண்ணிவிடுவாள். கண்ணாடி, டப்பா, சிமிழ், செருப்பு எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு போவாள். "புதுப்பிச்சுருவாங்க, ஏன்டி இந்தக் கூத்து?" என்றால், "இன்னும் எழுதித் தரலியேக்கா," என்பாள். ஜனவரியில் கடிதம் வந்த பிறகுதான் சிமிழ் திரும்பி வரும். அவள் வீட்டுக்காரருக்கு இனிப்பு நீர். காலில் ஆறாத புண். பெர்மனன்ட் ஆனால் கிளினிக் கார்டு கிடைக்கும், பெரிய ஆஸ்பத்திரியில் விடியற்காலையிலேயே போய் வரிசையில் காத்துக் கிடக்க வேண்டாம். இதை அவள் என்னிடம் ஒரே ஒரு தடவைதான் சொன்னாள்.

கடைசியில் அந்த வாய்ப்பு வந்தது. புது கஸ்டமர் ஒருவர் சோதனைக்கு ஆறு தகடு கேட்டார். தேறினால் பெரிய ஆர்டர், தொட்டிக்கு நிரந்தரமாக ஆள் வேண்டும், அந்த ஆள் இவள்தான் என்று எங்கள் சீன மேனேஜர் வாயாலேயே சொல்லிவிட்டார். ஆறு தகட்டையும் இறக்க வேண்டிய நாள் எங்கள் ஆயுத பூஜை அன்றைக்கு வந்து விழுந்தது.

பூஜை என்றால் தொழிற்சாலையில் நான்தான். கோலம், சுண்டல், வடை, ஃபோர்க்லிஃப்ட் சக்கரத்துக்கடியில் எலுமிச்சம்பழம், எல்லாம் என் பொறுப்பு. கம்ப்ரசருக்குப் பொட்டு, பிரிண்டருக்குப் பொட்டு, என் சோதனை மேசைக்கும் பொட்டு. மேனேஜரே சுண்டலுக்கு வரிசையில் நிற்பார். தொட்டி அறைக்கு மட்டும் வருஷா வருஷம் இவள் விடமாட்டாள்.

"இந்த வருஷமாவது வைக்க விடு. ஒனக்குத்தான் முக்கியமான நாளு!"

"வேணாம்க்கா. கதவுக்கு வெளிய வைங்க."

"தொட்டிக்கு வைக்காம கதவுக்கு வச்சு என்னாத்துக்கு?"

"உள்ள வேணாம்," என்றாள், அவ்வளவுதான்.

அதோடு நான் விட்டிருக்க வேண்டும். பூஜையில் அவளைப் பிரசாதம் வாங்கச் சொல்லி நிறுத்தி வைத்துவிட்டு, நான் தொட்டி அறைக்குப் போனேன். மேலங்கி, தலையுறை எல்லாம் போட்டுக்கொண்டுதான் போனேன், அந்த அளவுக்கு அறிவு இருந்தது. கூடை காலியாக ஸ்டாண்டில் தொங்கியது. அதன் நீளமான தண்டில், பின்பக்கமாக, அவள் கண்ணில் படாத இடத்தில், சந்தனம் வைத்து அதன்மேல் குங்குமம் வைத்தேன். உப்பு அந்த உயரத்துக்கு வராது என்று என் கணக்கு. 'அம்மா, இந்தப் புள்ளைக்கு ஒரு வழி காட்டு' என்று மனசாரக் கும்பிட்டுவிட்டுத்தான் வந்தேன்.

என்னால் நேரமாகிவிட்டதால் அவள் ஓட்டமாக ஓடினாள். சாப்பாட்டுக்கு முன்னால் துடைத்த கூடையைத் திரும்பத் துடைக்காமல் தகடுகளை அடுக்கி, சூடுகாட்டி, இறக்கினாள்.

மறுநாள் காலையில் ஆறு தகடும் ஆறி வெளியே வந்தபோது தே ஓ நிறத்தில் இருந்தன. பால் ஊற்றாத தேத்தண்ணி நிறம். சந்தனம் கருகி உப்பில் கலந்து, வெள்ளியைக் கெடுத்துவிட்டது. அவளே எடுத்து வந்து என் மேசைமேல் வைத்தாள். "மஞ்சளாயிருச்சுக்கா," என்றாள். எனக்குப் பார்த்த மாத்திரத்தில் விளங்கிவிட்டது. தகடுகளைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பதுபோலக் குனிந்துகொண்டேன்.

மேனேஜர் கூப்பிட்டுச் சொன்னார்: காரணம் தெரிந்தால் கஸ்டமரிடம் சொல்லி இன்னொரு வாய்ப்புக் கேட்கலாம். காரணம் தெரியாவிட்டால் அவர் போய்விடுவார், தொட்டியை அணைத்துவிட வேண்டியதுதான். வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குள் காரணம் வேண்டும். தொட்டியை அணைத்தால் அவள் கதி என்ன என்பதை அவர் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை.

அன்று மாலை லாக்கர் அறையில் அவள் கண்ணாடி முன்னால் நின்றாள். நான் பின்னால் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தேன்.

"கூடத் தண்டுல பின்பக்கம் ஒரு கறுப்புக் கற இருக்குக்கா. அரவட்டமா. மேல் பாதி இருக்கு, உப்புக்குள்ள போன கீழ்ப் பாதி இல்ல."

"அப்படியா? என்னவா இருக்கும்?" என்று கேட்டேன். வெட்கங்கெட்டுப்போய்க் கேட்டேன்.

மோதிர விரலில் குங்குமத்தைத் தொட்டு நெற்றிக்குக் கொண்டுபோனவள் அப்படியே நிறுத்தினாள். கண்ணாடிக்குள் என்னைப் பார்த்தாள். பிறகு பொட்டை வைத்து முடித்தாள். "நான் பாத்தது கறதான். கறன்னுதான் எழுதியிருக்கேன்," என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.

தஞ்சோங் கிளிங்கில் எங்கள் வீட்டில் அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். "பேசாம இரு லா. பத்தொம்பது வருஷ சர்வீஸ், உள்ளேயே போய்ச் சந்தனம் வச்சேன்னு சொன்னா விடுவானா? அவளே ஒன்னும் சொல்லல, நீ எதுக்குப் போய்த் தலையக் குடுக்கிற?" என்றார். சரிதான் என்று பட்டது. விடிகிறவரைக்கும் சரிதான் என்றுதான் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

வெள்ளிக்கிழமை சாப்பாட்டு நேரத்தில், அவள் இல்லாதபோது, தொட்டி அறைக்குப் போனேன். என்ன எழுதியிருக்கிறாள் என்று பார்த்துவிட வேண்டும் என்ற பயம்தான். புத்தகம் விரித்தபடி இருந்தது. அவள் மலாயில்தான் எழுதுவாள், தமிழில் சொன்னால் இப்படி: 'தகடு ஆறும் மஞ்சள். கூடைத் தண்டின் பின்பக்கம் அரைவட்டக் கறை, கறுப்பு. என்ன என்று நான் பார்க்கவில்லை. சாப்பாட்டுக்குப் பிறகு கூடையை நான் துடைக்கவில்லை. அது என் தவறு.' கீழே கையெழுத்து.

சந்தனம் என்று இல்லை. என் பெயர் இல்லை. தினமும் பொட்டு வைக்கிறவளுக்கா அந்த அரைவட்டம் என்னவென்று தெரியாது? அன்றைக்கு என்னைத் தவிர வேறு யார் சந்தனக் கிண்ணத்தோடு அலைந்தார்கள்? தன் தப்பை எழுதிவிட்டாள். என் தப்பை அவள் கண்ணால் பார்க்கவில்லை, அதனால் எழுதவில்லை.

அப்புறம்தான் அதைக் கவனித்தேன். கையெழுத்துக்குக் கீழே குறுக்குக்கோடு போட்டிருந்தாள், வழக்கம்போல ஸ்கேல் வைத்து. ஆனால் கோடு அடுத்த வரியில் ஆரம்பிக்கவில்லை. ஒரு வரி விட்டு, அதற்கும் கீழேயிருந்துதான் ஆரம்பித்திருந்தது. நான் முன்பக்கங்களைப் புரட்டினேன். வேகமாகப் புரட்டினேன். ஒரு பக்கத்தில்கூட அவள் அப்படி வெறும் வரி விட்டதில்லை.

நான் அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்து அழுதுவிட்டேன். பிறகு பேனாவை எடுத்தேன். 'கூடைத் தண்டில் சந்தனமும் குங்குமமும் வைத்தது நான். அவள் வேண்டாம் என்று சொல்லியும் வைத்தேன்.' என் முழுப்பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

நிமிர்ந்தால் அவள் வாசலில் நிற்கிறாள். நெற்றி வெறுமையாக, தலையுறையோடு. எத்தனை நேரமாக நின்றாளோ. உள்ளே வந்து குனிந்து படித்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். கட்டிப் பிடிப்பாள் என்றும் நினைத்தேன்.

"நேரம் போடலியேக்கா," என்றாள்.

"ஒன்னரை இருக்கும்."

"இருக்கும்னா?"

யோசித்தேன். பூஜை மணி அடித்து, இவளைப் பிரசாதத்துக்கு நிறுத்திவிட்டு நான் கடிகாரத்தைப் பார்த்தது நினைவு வந்தது. "ஒன்னு இருவது."

"எழுதுங்க."

எழுதினேன். அவள் பக்கத்தில் தன் கையெழுத்தைப் போட்டுப் புத்தகத்தை மூடி என் கையில் கொடுத்தாள். "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். "மேனேஜரப் பாத்துட்டு வாங்க. ஒங்களுக்கும் சேத்துத் தாப்பாவ் பண்ணி வச்சிருக்கேன்," என்றாள். கேன்டீனில் எனக்கும் சேர்த்துப் பொட்டலம் கட்டிக்கொண்டு வந்திருக்கிறாள் என்றால், நான் வருவேன் என்று அவள் எப்போது முடிவு பண்ணினாள்? இன்றுவரை கேட்கவில்லை.

மேனேஜர் புத்தகத்தை மூன்று தடவை படித்தார். எனக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது, அந்த வருஷ போனஸ் போனது, மூன்று மாதம் என்னைப் பேக்கிங்கில் உட்கார வைத்தார்கள். பெட்டிக்கு டேப் ஒட்டினேன். கஸ்டமர், காரணம் இவ்வளவு தெளிவாக எழுதி வந்ததைப் பார்த்து இன்னொரு வாய்ப்புக் கொடுத்தார். தொட்டியைக் கழுவி, புது உப்பு உருக்கி, அவள் இன்னொரு ஆறு தகடு இறக்கினாள். அதைச் சோதித்தது நான் இல்லை. எட்டுப் புள்ளியும் ஒரே மாதிரி வந்ததாம், ஆறாவதும்.

அந்த டிசம்பர் கடைசி நாளில் வேலை விட்டு லாக்கர் அறைக்கு வந்தேன். அவள் பொட்டு வைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் பை எதுவும் இல்லை. சிமிழை மூடி, டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்து, லாக்கர் கதவைச் சாத்தினாள்.

"என்னாடி, இந்த வருஷம் காலி பண்ணலியா?"

"எழுதித் தந்துட்டாங்கள்லக்கா," என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு நடந்தாள்.